கொட்டாஞ்சேனையில் நான் விளக்கிய பாட்டு

போன கிழமை இந்தப் பத்தி வரவில்லை. வாசகர்கள் தவித்துப்போனார்கள் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் விசாரித்தவர் ஒரேயொருவர் - என் மைத்துனர். அவரும், "என்ன, நிப்பாட்டிப் போட்டாங்களோ?" என்றுதான் கேட்டார். குரலில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்த மாதிரிப் பட்டது.

நிறுத்தவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய நாளில் நான் ஒரு பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

பயப்படாதீர்கள். என்னை யாரும் பிடிக்கவில்லை. நானாகத்தான் போனேன். இந்தக் காலத்தில் வெள்ளவத்தைத் தமிழன் ஒருவன் தன் சொந்தக் காலால் நடந்து பொலிசுக்குப் போவானா? போனேனே! போக வைத்தது ஒரு பாட்டு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பாட்டுக்கு நான் சொன்ன விளக்கம்.

கரண்ட் கட் பற்றி முன்பு இந்த மூலையில் எழுதியது ஞாபகம் இருக்கலாம். அதன் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன். அமெரிக்காவின் புகழ்பெற்ற அந்த ஸோல் இசைக் கலைஞரைப் பற்றி - "இருட்டில் எனக்கு விளக்கு அவருடைய குரல்தான், அவருடைய பாட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்." கலைஞரின் முழுப்பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் நீங்களும் என் கட்சி.

ஏன் அப்படி எழுதினேன்? பத்தியை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. வேறு காரணம் இல்லை.

அந்தக் கலைஞரின் பாட்டில் எனக்குத் தெரிந்தவை மொத்தம் இரண்டு. கலியாணத்துக்கு முன் பாமன்கடையில் அறை எடுத்து இருந்தபோது, அறை நண்பன் ஒருவன் பதிவு செய்து தந்த கசெற். மட்டை இல்லை, படம் இல்லை, நண்பன் கிறுக்கிய குடும்பப் பெயர் மட்டும். என்னுடைய பழைய ரேடியோ செற் அதைச் சோம்பலாகச் சுற்றும். இரண்டு பாட்டு பாடியதும் நாடாவை மென்று தின்றுவிட்டது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ரசிகனாகக் காலம் தள்ளினேன்.

பத்தி வெளிவந்த அடுத்த நாள் ஒபிசுக்கு ஒரு ரெலிபோன். கொட்டாஞ்சேனையிலிருந்து பிலோமினா ரீச்சர். அங்கே ஒரு தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர். எடுத்த எடுப்பிலேயே சத்தமான குரல்.

"சேர், உங்க ஆர்ட்டிகல் படிச்சேன். அந்தம்மாட குரலைப் பத்தி எவ்வளவு அழகா எழுதியிருந்தீங்க!"

அந்தம்மாவா?

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன். இத்தனை வருஷமும் அந்தக் குரல் ஓர் ஆணுடையது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! செற் மெதுவாகச் சுற்றியதில் பாடகி பாடகராகியிருக்கிறார். பேச்சுத் தமிழில் எழுதியிருந்தால் அன்றைக்கே மானம் போயிருக்கும். எழுத்துத் தமிழில் ஆணுக்கும் 'அவர்', பெண்ணுக்கும் 'அவர்'. தமிழ் வாழ்க!

"ஓம் ஓம், அந்தம்மாதான்" என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு.

தேவாலயக் கூரை ஒழுகுகிறதாம். அதைத் திருத்துவதற்காக அந்தம்மாவின் பிரபலமான பாட்டுகளில் ஐந்தை மேடையில் பாடப் போகிறார்களாம். பாட்டெல்லாம் இங்கிலிஷ். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு விளங்காது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நான் தமிழில் நாலு வார்த்தை விளக்கம் சொல்ல வேண்டும்.

மறுத்திருக்கலாம். "உங்களை விட்டா யாருங்க இருக்காங்க?" என்று ரீச்சர் கேட்டார். அப்படிக் கேட்டால் மறுக்கிற பத்தி எழுத்தாளன் இன்னும் பிறக்கவில்லை.

ரீச்சர் அனுப்பிய, அந்த ஐந்து பாட்டும் உள்ள கசெற் ஒன்று வந்து சேர்ந்தது. கரண்ட் இல்லாத பின்னேரங்களில் பற்றரி போட்டுக் கேட்டேன். இங்கிலிஷை எழுதினால் எனக்கு விளங்கும். பேசினால் ஓரளவு விளங்கும். பாடினால்... அதுவும் அந்தம்மா ஒரு சொல்லைப் பிடித்து ஏழு திசைக்கும் இழுத்துப் பாடினால் என்னத்தை விளங்குவது?

என் மனைவி வசந்தி பாடசாலையில் இங்கிலிஷ்தான் படிப்பிக்கிறாள். கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். கேட்பேனா? மனப்பாடம் என்று பேப்பரில் எழுதியாயிற்றே!

நாலாவது பாட்டில் மட்டும் சில சொற்கள் பிடிபட்டன. ஒரு பெண். ஒரு கதவு. நேரம் போகிறது. அவன் இன்னும் வரவில்லை. சரி, குடித்துவிட்டுச் சுணங்கி வருகிற புருஷனின் கதை என்று முடிவு கட்டினேன். அதற்கு நல்ல பகிடி ஒன்றும் தயாரித்தேன்.

குசினியில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த வசந்தி அந்தப் பாட்டு முடியும்வரை கத்தியை அசைக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, இதுக்கு விளக்கம் கிளக்கம் ஒண்டும் சொல்ல வெளிக்கிடாதேங்கோ. சும்மா பாட விடுங்கோ."

"ஏன்?"

"இது பகிடிப் பாட்டில்லை."

"எனக்குத் தெரியும்" என்றேன். எனக்கு எல்லாம் தெரியும்தானே!

சனிக்கிழமை பின்னேரம் நிகழ்ச்சி. இருட்டுப்பட முன் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் நாலு மணிக்கே தொடக்கம். நானும் வசந்தியும் பஸ்ஸில் போனோம். கோட்டைக்குக் கிட்ட இறக்கிச் சோதித்தார்கள். என் பையில் இருந்த கசெற்றை ஒரு ஆமிக்காரப் பெடியன் தூக்கிப் பார்த்து, இது என்ன என்று கேட்டான்.

"மேக்க மொகத?"

"சிந்து" என்றேன். சிங்களத்தில் பாட்டு என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அது கணிசமான பகுதி.

அவன் கசெற்றைத் திருப்பித் தந்து, போகச் சொன்னான்.

மண்டபம் நிறைந்திருந்தது. பிலோமினா ரீச்சர் பாடகியை அறிமுகப்படுத்தினார். பெயர் ரெஜினா. கப்பல் கொம்பனி ஒன்றில் ரைப்பிஸ்ட். மெலிந்த பெண், நீலச் சேலை, முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மிகவும் மெதுவாகப் பேசினார்கள். ஒருவர் அவருடைய கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார். பாடகிக்கு இவ்வளவு மரியாதையா, நல்ல ஊர் என்று நினைத்தேன்.

முதல் பாட்டுக்கு என்னவோ சொன்னேன். சிரித்தார்கள். இரண்டாவதுக்குக் கை தட்டினார்கள். மூன்றாவதுக்கு, பின்வரிசையில் ஒருவர் விசில்கூட அடித்தார். பாடிய ரெஜினாவுக்கா, பேசிய எனக்கா? எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ரெஜினா நன்றாகத்தான் பாடினார். கிற்றார் வாசித்தவர் அவரைப் பார்த்துப் பார்த்தே வாசித்தார். ஆனால் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. நாலாவது பாட்டுக்கான பகிடி என் நாக்கின் நுனியில் நின்று துள்ளியது.

மைக்கைப் பிடித்தேன்.

"இந்தப் பாட்டிலே ஒரு மனைவி கதவடியில் காவல் நிற்கிறாள். புருஷன் இன்னும் வரவில்லை. எங்கே போனாரோ, யாரோடு போனாரோ... ஆனால் ஒன்று. வரட்டும்! கதவுக்குப் பின்னால் வீடு கூட்டுகிற தும்புத்தடி தயாராக இருக்கிறது!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு கெட்டிக்காரன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். நான் என்ன செய்தேன்? விளங்கவில்லையாக்கும் என்று மறுபடி சொன்னேன். இம்முறை நடிப்போடு. மைக் ஸ்டாண்டைத் தும்புத்தடியாகப் பிடித்து, கதவுக்குப் பின்னால் பதுங்கிக் காட்டினேன். மேடை ஓரத்தில் பிலோமினா ரீச்சர் இரண்டு கையையும் ஆட்டினார். இன்னும் கொஞ்சம் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சொன்னேன். முன்வரிசையில் வசந்தி தலையைக் குனிந்து தன் கைப்பையைத் திறந்து மூடினாள். பிறகு மறுபடி திறந்தாள்.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ ஏதோ பிழையாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரெஜினா நடந்து வந்து மைக் ஸ்டாண்டை என் கையிலிருந்து மெதுவாக எடுத்து நேராக நிறுத்தினார்.

"சேர் சொன்னது சரிதான்" என்றார் சபையைப் பார்த்து. "தும்புத்தடி எடுத்துத்தான் வச்சிருக்கேன். அவரு வரட்டும்."

பிறகு யாரோ ஒரு பெண் சிரித்தார். அழுதுகொண்டே சிரிக்கிற சிரிப்பு. அது வரிசை வரிசையாகப் பரவியது. அந்தச் சத்தம் அடங்குவதற்கு முன்பே ரெஜினா பாடத் தொடங்கிவிட்டார்.

எனக்கு இசை தெரியாது என்பது இதற்குள் உங்களுக்கு நிச்சயமாகியிருக்கும். அதனால் அந்தப் பாட்டை வர்ணிக்கப் போவதில்லை. ஒரு மேல் இடத்தில் அவருடைய குரல் உடைந்து நின்றது. கிற்றார்க்காரர் அதே இடத்தையே திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு காத்து நின்றார். ரெஜினா மூச்செடுத்தார். திரும்பவும் அந்த இடத்துக்கே போய், அதைத் தாண்டினார். ஒரு சொல் பாக்கி இல்லாமல் அந்தப் பாட்டு எனக்கு விளங்கியது. வசந்தி விளக்க வேண்டாம் என்று சொன்னது ஏன் என்பதும் விளங்கியது.

ஐந்தாவது பாட்டுக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பிலோமினா ரீச்சர் என்னை ஒரு மூலைக்கு இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். ரெஜினாவின் கணவர் ஜெயசீலன். ஃபிரிட்ஜ் திருத்துகிறவர். சொந்த ஊர் மன்னார். அடையாள அட்டையிலும் மன்னார் விலாசம். நிகழ்ச்சிக்கு முந்தின கிழமை வத்தளைக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒரு சுற்றிவளைப்பு. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாளாக எங்கே என்றே தெரியவில்லை. பிறகுதான் எந்தப் பொலிஸ் நிலையம் என்று கண்டுபிடித்தார்கள். வத்தளையில் யார் வீட்டில் வேலை செய்தார் என்று ஆதாரம் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் யார் என்று ரெஜினாவுக்குத் தெரியாது. ஜெயசீலனும் பெயர் கேட்டு வைக்கவில்லை, சிவப்பு கேற் வீடு என்றுதான் சொல்கிறார். பொலிஸ் போய்ப் பார்க்கவில்லை, எங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கம் போகப் பயம்.

"பாட வேணாம்னுதான் சொன்னோம். அவதான் பாடுறேன்னு நின்னா" என்றார் ரீச்சர். "உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாதது என்ட பிழை. கையைக் கையை ஆட்டினேனே, பார்க்கலியா?"

பார்த்தேனே! பார்த்துத்தானே இன்னும் கொஞ்சம் சொன்னேன்!

பக்க அறையில் ரெஜினா பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன். "எனக்குத் தெரியாது, தங்கச்சி... மன்னிக்க வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு சேர்?" என்றார். "அவரைக் கொண்டு போனதில இருந்து வீட்டுக்கு வாறவங்க எல்லாம் செத்த வீட்டுக்கு வாற மாதிரி வாறாங்க. மெதுவாப் பேசுறாங்க. தலையைத் தடவுறாங்க. நீங்க ஒருத்தர்தான் அவரு திரும்பி வருவாருன்னு பேசினீங்க."

யோசித்துப் பாருங்கள். யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் நாம் என்ன செய்கிறோம்? அந்த வீட்டுக்குப் போகிறோம். குரலைத் தாழ்த்துகிறோம். 'இருந்தார்', 'செய்தார்' என்று இறந்தகாலத்தில் பேசுகிறோம். அனுதாபம் என்று நினைத்து ஆளைப் பாதி புதைத்துவிட்டு வருகிறோம். ஒன்றும் தெரியாத மடையன் ஒருவன் வந்தால்தான் அந்த மனுஷன் மறுபடி உயிரோடு இருந்து, சுணங்கி வீடு வந்து, அடிவாங்கப் போகிறான்.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ரெஜினா கேட்டுவிட்டார்.

"சேர் பேப்பர்ல எழுதுறவங்கதானே. பொலிஸ்ல வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்களா?"

கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வசந்திக்கும் தெரியும். ஆனால் வசந்தி என்னைப் பார்த்த பார்வையில், போகாவிட்டால் இரவுச் சாப்பாடு கிடையாது என்பது தெளிவாக இருந்தது.

"வாறன்" என்றேன்.

அடுத்த வேலை நாளில் லீவு போட்டுவிட்டு, ரெஜினாவோடு அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளை ஷேர்ட். சட்டைப் பையில் இரண்டு பேனை. சிங்களத்தில் ஒரு சின்னப் பேச்சும் பாடமாக்கி வைத்திருந்தேன்.

மேசையில் ஒரு சார்ஜன்ற். பேச்சை ஒப்புவித்தேன். இரண்டாவது வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். பத்திரிகைக்காரனா என்று கேட்டார். ஓம் என்றேன். என்ன எழுதுவாய்?

"எனக்கு நடக்கிறதை எழுதுவேன்" என்றேன் சிங்களத்தில்.

"உனக்கு என்ன நடந்தது?"

யோசித்தேன். "ஒன்றும் இல்லை."

அவர் சிரித்து, வாங்கைக் காட்டினார். என் எழுத்து வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனம் வேறு வந்ததில்லை. உட்கார்ந்தேன். ரெஜினாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். என் பத்தி வெற்றிடமாகிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

மத்தியானம் போல வாசலில் ஒரு சத்தம். குடையும் கையுமாக ஒரு சிங்கள அம்மா. அறுபது வயது இருக்கும். பின்னால் ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி, பாரமான இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். அம்மா அதைச் சார்ஜன்ற்றின் மேசையில் டங்கென்று வைக்கச் செய்தார்.

"மேக்க எயாகே ஆயுத பெட்டிய!"

ஆயுதப் பெட்டியா? 'இது அவனுடைய ஆயுதப் பெட்டி' என்று பொலிசிலேயே கொண்டுவந்து கொடுக்கிறாரே! எழுந்து ஓடுவதற்கு வழி பார்த்தேன். யாருடைய பெட்டி என்று கேட்கத் தோன்றவில்லை. எப்படியும் ஒரு தமிழனுடையதாகத்தான் இருக்கும் என்று மனம் முடிவு கட்டிவிட்டது.

ரெஜினா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சேர்... அது அவர்ட பெட்டி."

"ஐயோ, ஆயுதம் எண்டல்லோ சொல்லுறா!"

"ஸ்பேனர் சேர், ஸ்பேனர்! சிங்களத்தில அப்படித்தான் சொல்லுவாங்க!"

அந்த அம்மா பெட்டியைத் திறந்தார். ஸ்பேனர், குறடு, செப்புக் குழாய். பிறகு சார்ஜன்ற்றை நிற்க வைத்து ஏசத் தொடங்கினார். மெதுவாக ரெஜினா எனக்கு மொழிபெயர்த்தார். இந்த மனுஷன் வருஷக்கணக்காகத் தன் வீட்டுக்கு வருகிறவன். தன் ஃபிரிட்ஜைக் கழற்றிக் குசினி முழுக்கப் பரப்பி வைத்துவிட்டு, ஒரு சாமான் வாங்கி வருகிறேன் என்று போனான். வரவில்லை. ஏமாற்றிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆனால் பெட்டியை விட்டுவிட்டு ஒரு வேலைக்காரன் ஓடுவானா? போய்க் கடையில் விசாரித்தபோதுதான் சுற்றிவளைப்புக் கதையும், எந்தப் பொலிஸ் நிலையம் என்பதும் தெரிந்திருக்கிறது.

"என் மீனெல்லாம் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கிடக்கிறது. அவளோடு நான் பேசுவதே இல்லை. தினமும் மீனுக்காகச் சிரிக்க வேண்டியிருக்கிறது. எங்கே அவன்? வெளியே விடு!"

சார்ஜன்ற்றின் தொப்பி மேசையில் இருந்தது. அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாவுக்கு உட்காரக் கதிரை வந்தது. வாக்குமூலம் எழுதினார்கள். விலாசம், வீட்டுக்கு வந்த நேரம், போன நேரம் எல்லாம். அவர் எழுந்து திரும்பியபோது ரெஜினா போய் முன்னால் நின்றார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். அந்த அம்மா ரெஜினாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் குடையை என் கையில் கொடுத்து, அவரைக் கட்டிக்கொண்டார்.

அன்றைக்கு என்னால் ஆன உதவி அதுதான். குடை பிடித்தேன்.

மேலதிகாரி பார்த்து, கையெழுத்து வைத்து, இன்னும் இரண்டு நாள் இழுத்தது. பிறகு விட்டுவிட்டார்கள்.

நேற்றுப் பின்னேரம் நானும் வசந்தியும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஜெயசீலன் வாசலுக்கு வந்து வரவேற்றார். ஆள் வாடியிருந்தார். ஒரு கை மணிக்கட்டில் கட்டு. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வத்தளைக்குப் போய் அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டாராம்.

தேநீரும் கேக்கும் வந்தன. உங்கள் மனைவி எவ்வளவு அருமையாகப் பாடுகிறார், கேட்கக் கொடுத்து வைத்தவர் நீங்கள் என்று வசந்தி சொன்னாள்.

ஜெயசீலன் சங்கடமாகச் சிரித்தார். "உண்மையைச் சொல்லட்டே, அக்கா? எனக்கு அந்தப் பாட்டுகள் ஒண்டும் பிடிக்காது. என்ன கத்தல் அது!"

"என்னது?" ரெஜினா தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கலியாணம் கட்டின நாளில இருந்து பாடுறேன், ஒரு நாள் சொல்லலியே!"

"நீ பாடுறாய், நான் ஸ்பேனரைத் தேடுறன். ஆருக்கு நட்டம்?" பிறகு அவருடைய குரல் இறங்கியது. "உள்ளுக்க இருக்கேக்க எல்லாரும் வீட்டுக் கதை கதைப்பம். என்ட மனுசி இங்கிலிஷ் பாட்டுப் பாடுவா எண்டனான். எங்க, ஒண்டு பாடிக் காட்டு எண்டாங்கள். யோசிச்சு யோசிச்சுப் பார்த்தன். ஒரு வரி வரேல்ல. அண்டைக்குத்தான் எனக்கு..."

அவர் முடிக்கவில்லை. ரெஜினா புடவைத் தலைப்பால் மேசையைத் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

இதற்கு ஒரு நல்ல விளக்கம் எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன். வசந்தி என் தட்டில் இன்னொரு கேக் துண்டை வைத்தாள். வாயை அதற்குப் பயன்படுத்தினேன்.

"ஒரு பாட்டுச் சொல்லித் தா" என்றார் ஜெயசீலன் மனைவியிடம். "சின்னதா ஒண்டு."

"இப்பவா? இவங்க எல்லாம் இருக்கும்போதா?"

"இவங்கள் ஆர், வெளி ஆக்களே?"

ரெஜினா முதல் வரியைப் பாடினார். ஜெயசீலன் திருப்பிச் சொன்னார். ரெஜினா இன்னொருமுறை பாடினார். ஜெயசீலன் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, முழு மூச்சோடு பாடினார்.

அந்தக் குரல் எப்படி இருந்தது என்பதை மட்டும் பேப்பரில் எழுத வேண்டாம் என்று ரெஜினா கெஞ்சிக் கேட்டிருக்கிறார். எழுதவில்லை.